முதற் காமிரா வாங்குமுன்



பிழைப்பின் நிமித்தம் தமிழகத்தை விட்டு வெளியே குடியேறிய நாம், ஆண்டுக்கு ஒரு முறை விடுப்பெடுத்து ஊருக்குப் போகிறோம். பத்து நாட்களுக்குள் காணவேண்டிய முகங்களையெல்லாம் கண்டுவிட்டு மீண்டும் ரயிலேறுகிறோம். அடுத்த முறை போகும்போது அம்முகங்களுள் ஒன்று குறைந்திருக்கும். அல்லது திண்ணை வைத்த பழைய வீடு கைமாறியிருக்கும். நல்ல காமிரா ஒன்று வாங்கினால் என்ன என்ற எண்ணம் நம்மில் பலருக்கு நாற்பது வயதை ஒட்டி எழுவதற்கு இதுவே காரணம். எனக்கும் எழுந்தது. தொழில்முறைப் புகைப்படக்காரர்களுக்கு நான் சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. மாதச் சம்பளத்தில் மிச்சம்பிடித்து 25,000 அல்லது 30,000 ரூபாயை ஒதுக்கிவைத்து, அதை எப்படிச் செலவிடுவது என்று தயங்கி நிற்பவருக்கே இப்பேச்சு.

கைப்பேசி போதாதா என்ற கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். பகல் வெளிச்சத்தில் எடுத்து, உறவினருக்கு அனுப்பி மகிழ்வதே நோக்கமானால் கைப்பேசி தாராளமாகப் போதும். காமிராவுக்குப் பணம் செலவழிப்பது வீண். சங்கத்து மண்டபத்தில் மங்கிய விளக்கில் மகள் ஆடுவதை எடுக்கவேண்டும், வெளிச்சத்தையும் நிழலையும் நாமே ஆண்டு பழகவேண்டும் என்ற ஆசை உள்ளவருக்குத்தான் தனிக் காமிரா வேண்டும். தொடக்கநிலை எஸ்.எல்.ஆர். காமிராவின் உள்ளே ஒளியை ஏற்கும் தகடு ஏறத்தாழ 23 மில்லிமீட்டர் அகலமும் 15 மில்லிமீட்டர் உயரமும் உடையது. கைப்பேசியிலுள்ளதைக் காட்டிலும் பரப்பில் இது பல மடங்கு பெரிது. இருளில் அதன் வலிமை தெரியும். அன்றியும், லென்ஸ் வழியே புகும் ஒளியை ஒரு கண்ணாடி மேலே திருப்பி நம் கண்ணுக்கே நேராகக் காட்டுவதால் மின்கலம் அதிகம் செலவாவதில்லை. நிக்கான் டி3500 ஒரு முறை மின்னேற்றினால் 1,500 படங்களுக்கு மேல் எடுக்கும் எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊர்த் திருவிழாவுக்கு இது சிறிய சௌகரியமன்று.

இவ்வகைக் காமிராவின் காலம் முடிந்துவிட்டதே என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அதில் உண்மையும் உண்டு. கண்ணாடியில்லாக் காமிராக்கள் பெருகிவிட்டன. கேனனும் நிக்கானும் 2020க்குப் பின் புதிய எஸ்.எல்.ஆர். மாதிரி எதையும் வெளியிடவில்லை. ஆனால் சிக்கனக்காரருக்கு இது நற்செய்தியே அன்றோ? புதியதற்கு மாறுகிறவர்கள் பழையதை விற்கிறார்கள். 2018இல் வந்த டி3500, கேனன் 1500டி ஆகிய இரண்டும் 24 மெகாபிக்சல் கொண்டவை. ஏ4 தாளளவில் நேர்த்தியாக அச்சிட ஏறத்தாழ 9 மெகாபிக்சலே போதும். ஆகவே, அந்த எண்ணிக்கையைக் காட்டி விலையை உயர்த்துகிறவரிடம் மயங்கவேண்டியதில்லை.

காமிராவுக்கே முழுப் பணத்தையும் கொடுத்துவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. படத்தை உருவாக்குவது லென்ஸ். காமிராவுடன் சேர்த்துத் தரும் 18–55 லென்ஸ் பழகுவதற்கு நல்லது. மண்டபத்து இருளில் கைவிட்டுவிடும். எஃப் 1.8 திறப்புடைய 50 மில்லிமீட்டர் லென்ஸோ, நிக்கான்காரருக்கு 35 மில்லிமீட்டர் லென்ஸோ குறைந்த விலையில் கிடைப்பவை. 18–55 லென்ஸை முழுதும் நீட்டினால் அதன் திறப்பு எஃப் 5.6, எஃப் 1.8 அதைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல் ஒளியை விடும். ஆட்டக்காரியின் கை மங்கலாகப் போவதற்கும் விரல் நுனி தெளிவாக விழுவதற்கும் உள்ள வேற்றுமை இதுவே. ஒரு எச்சரிக்கை: நிக்கானின் தொடக்கநிலைக் காமிராக்களுக்குள் குவியத்தைத் திருப்பும் மோட்டார் இல்லை. மலிவாகக் கிடைக்கிறதென்று ஏ.எஃப்.-டி என்ற பழைய லென்ஸை வாங்கினால் கையால் திருப்பியே காலந்தள்ள வேண்டும். ஏ.எஃப்.-எஸ் என்ற எழுத்துக்களைப் பார்த்து வாங்குக.

தில்லியில் சாந்தினி சௌக்கை ஒட்டிய கூச்சா சௌத்ரியும், மும்பையில் கோட்டைப் பகுதியின் போரா பஜாரும், கொல்கத்தாவில் மெட்ரோ கலியும் காமிராக் கடைகளுக்குப் பெயர் பெற்றவை. எங்கு வாங்கினாலும் கையில் ஒரு சிறு டார்ச் விளக்கு இருக்கட்டும். இதை நான் பட்டறிந்து சொல்கிறேன். முன்னொரு முறை, தெரிந்தவர் வழியாக வந்த ஒருவரிடமிருந்து பழைய லென்ஸ் ஒன்றைப் பேரம் பேசி வாங்கி, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். பொங்கலுக்கு ஊர் சென்று, அடுக்களைச் சன்னலோரம் அமர்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவைப் பல படங்கள் எடுத்தேன். எல்லாவற்றிலும் வெண்மையான ஒரு மூட்டம். "ஏண்டா, அடுப்புப் புகையா இது?" என்று கேட்டாள். புகையன்று, லென்ஸின் உள்ளே பூஞ்சணம் சிலந்தி வலைபோல் படர்ந்திருந்தது. லென்ஸைத் திறந்து டார்ச்சை ஒரு புறம் பிடித்து மறுபுறம் நோக்கியிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். அடுத்த பொங்கலுக்குள் அந்த அடுக்களையை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். சன்னல் இப்போது வேறு பக்கம் இருக்கிறது.

லென்ஸைப் பார்த்தபின், எஃப் 16 திறப்பில் வெள்ளைச் சுவரையோ வானத்தையோ படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். தகட்டில் தூசி இருந்தால் கரும்புள்ளிகளாகத் தெரியும். அதைத் துடைத்துவிடலாம், கீறலைத் துடைக்க இயலாது. ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்பதையும் கேளுங்கள். நிக்கானில் ஒவ்வொரு படத்தின் குறிப்பிலும் அவ்வெண் பதிவாகிறது, கணினியில் காணலாம். தொடக்கநிலைக் காமிராவில் ஒரு லட்சத்தை நெருங்கியிருந்தால் வேறொன்றைத் தேடுவதே நலம். இவற்றையெல்லாம் பார்க்கவிடாமல் அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

வாங்கியபின் காமிராவைத் தோற்பையிலிட்டு அலமாரியில் பூட்டிவைப்பது நம் வழக்கம். பூஞ்சணத்துக்கு அதைவிட உவப்பான இடம் இல்லை. மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்றுள்ள நகரங்களில் வசிப்போர், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு அதில் வைக்கலாம். வாரம் ஒரு முறையேனும் வெளியே எடுத்து நாலு படம் பிடியுங்கள். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறதென்று விரல்கள் பழகிய பிறகு ஊருக்கு எடுத்துச் செல்லுங்கள்.