நோயாளியின் அருகே உட்காருதல்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் சிற்றாலய குருவானவர் ஆற்றிய உரை)



 நீங்கள் கொடுத்த காணிக்கைகளால் என்னென்ன நடந்தது என்பதைக் கண்காணிப்பாளர் டாக்டர் அம்மா அவர்கள் கணக்கோடு சொல்லிவிட்டார்கள். எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு "மனித உறவுகளும் கருத்துப் பரிமாற்றமும்". கல்லூரியில் ஒரு வருடம் நடத்த வேண்டிய பாடம் இது. ஆகவே இதில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்ளுகிறேன். வியாதியாய்க் கிடக்கிறவரின் கட்டிலருகே நாம் எப்படிப் பேசுகிறோம், எப்படிக் கேட்கிறோம் என்பதே அது.

1984-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நோயாளி தன் குறையைச் சொல்ல ஆரம்பித்ததும் மருத்துவர் எவ்வளவு நேரம் குறுக்கிடாமல் கேட்கிறார் என்று ஒலிப்பதிவு செய்து பார்த்தார்கள். சராசரியாக 18 விநாடிகள். இதைக் கேட்டதும் இங்கே சிலர் மருத்துவர்களைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். போதகர்களை வைத்து யாராவது அப்படி ஓர் ஆய்வு செய்திருந்தால் எத்தனை விநாடி வந்திருக்குமோ! நம்மில் பலர் கட்டிலை நெருங்கும்போதே வேதாகமத்தைத் திறந்துவிடுகிறோம்.

நம் ஆண்டவர் எரிகோ பட்டணத்துக்குப் புறம்பே பர்திமேயுவைச் சந்தித்ததை நினைத்துப் பாருங்கள். அவன் குருடன் என்பது கூட்டத்தார் எல்லாருக்கும் தெரியும். அப்படியிருந்தும், நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று ஆண்டவர் அவனையே கேட்கிறார். தேவை இன்னதென்று சொல்லும் உரிமையை அவனுக்கே கொடுக்கிறார். பெதஸ்தா குளத்தருகே 38 வருடம் வியாதியாயிருந்தவனிடமும் முதலில் ஒரு கேள்விதான்.

இறையியல் மாணவர்களை மருத்துவமனைக்குள் கொண்டுவந்து, நோயாளிகளிடமிருந்தே கற்றுக்கொள்ளச் செய்தவர் ஆண்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் போதகர். அவரே மனநோயாளியாக மருத்துவமனையில் இருந்தவர். 1925-இல் வூஸ்டர் அரசு மருத்துவமனையில் அந்தப் பயிற்சியை ஆரம்பித்தார். எங்களைப் போன்ற சிற்றாலய குருமார் பெறும் பயிற்சிக்கு அதுவே வேர். பின்னாளில் கார்ல் ராஜர்ஸ் என்ற உளவியலாளர் உதவி செய்கிறவரிடம் இருக்கவேண்டிய மூன்று தன்மைகளை எடுத்துச் சொன்னார். மற்றவருடைய இடத்தில் நின்று உணருதல், நிபந்தனையில்லாமல் ஏற்றுக்கொள்ளுதல், உள்ளும் புறமும் ஒன்றாயிருத்தல் என்பவையே அவை. இவரும் இளவயதில் நியூயார்க்கில் ஓர் இறையியல் கல்லூரியில் படித்து, பிறகு உளவியலுக்குப் போனவர்தான்.

ஒரு சிறு எச்சரிக்கை. சபைக் கருத்தரங்குகளில், பேச்சில் சொற்களின் பங்கு 7 சதவீதம்தான், மற்றதெல்லாம் குரலும் முகபாவமும் என்று அடிக்கடி சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு. ஒருவர் சொல்லும் சொல்லும் அவர் முகமும் முரண்படும்போது, அவருக்கு நம்மேல் விருப்பமா வெறுப்பா என்று எப்படி அறிகிறோம் என்பதை மட்டுமே அது சொல்லுகிறது. எல்லாப் பேச்சுக்கும் பொருந்தும் என்று அவர் சொல்லவில்லை. நோயாளிக்குச் சொல்லும் சொல்லில் ஒரு சொல் தவறினாலும் அது 7 சதவீதக் காயமாக இருப்பதில்லை.

இப்போது நம் வார்டுகளில் ஓயாமல் நடக்கும் ஒரு காரியத்துக்கு வருகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

ஒரு விவசாயி. வயிற்றில் புற்றுநோய். மகன் என்னை வராந்தாவில் நிறுத்தி, "ஃபாதர், அப்பாகிட்ட அல்சர்னுதான் சொல்லியிருக்கோம். நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா மனசு ஒடைஞ்சு போயிருவாரு" என்றார். அவர்கள் இந்துக் குடும்பம். அப்படிப்பட்டவர்கள் என்னை ஃபாதர் என்பார்கள், நம் சபையார் ஐயர் என்பார்கள். அன்று மாலை பெரியவரிடம் போய் உட்கார்ந்தேன். வயல், மழை, மோட்டார் எல்லாம் பேசினோம். பிறகு அவராகவே குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கரண்டு வைக்கிற ரூமுக்கு வெளியில வரிசையா உட்கார வைக்கிறாங்களே, அங்க இருக்கிறவங்களைப் பாத்தாலே தெரியாதாங்க? எனக்கு என்னன்னு தெரியும். பையன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. சின்னப் பய, தாங்க மாட்டான்."

ஒரே கட்டிலின் இரண்டு பக்கமும் இருவர் உட்கார்ந்து ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். இருவரும் தனிமையில் இருந்தார்கள். அன்பினால்தான் இதைச் செய்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் பெரியவருக்குச் சொல்லவேண்டிய காரியங்கள் நிறைய இருந்தன. எழுத்தில்லாமல் கொடுத்த கடன், மகளின் சங்கிலி எந்தக் கடையில் அடகில் இருக்கிறது என்பது, கிணற்றுப் பங்கு விஷயமாகத் தம்பியோடு வருடக்கணக்காகப் பேச்சில்லாதது. "அல்சர்" என்ற சொல் இருக்கும்வரை இவற்றில் ஒன்றையும் அவரால் ஆரம்பிக்க முடியவில்லை. அல்சர்காரர் ஏன் அடகுக்கடைக் கணக்கைச் சொல்லவேண்டும்?

"உங்க மகன்கிட்ட நீங்களே சொல்றீங்களா? நான் பக்கத்தில இருக்கேன்" என்றேன். இரண்டு நாள் யோசித்துச் சம்மதித்தார். மருத்துவரும் வந்தார். கெட்ட செய்தியைச் சொல்லுவதற்கென்று பெய்ல், பக்மன் முதலிய மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டில் ஒரு முறையை எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். தனியிடத்தில் உட்காரவேண்டும்; உங்களுக்கு என்ன தெரியும் என்று முதலில் நோயாளியைக் கேட்கவேண்டும்; எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்டபின்பே சொல்லவேண்டும்; அவர் அழுதால் அதற்கு இடம் கொடுக்கவேண்டும். நம் மருத்துவர் அவ்வாறே கேட்டார். பெரியவர் சொல்ல ஆரம்பித்ததும் மகன் எழுந்து ஜன்னலருகே போய் நின்றுகொண்டார். வெகுநேரம் திரும்பவில்லை. நாங்கள் யாரும் பேசவில்லை. பிறகு வந்து தகப்பனாரின் காலருகே உட்கார்ந்தார்.

அவர் இரண்டு மாதம் கழித்து வீட்டிலேயே இறந்தார். தம்பி வந்து பார்த்தாராம். கிணற்றுப் பங்கு தீரவில்லை, ஆனால் பேசினார்கள்.

இதனால் எல்லாரிடமும் எல்லாவற்றையும் போட்டு உடைக்கவேண்டும் என்று எண்ணாதிருங்கள். "எனக்கு ஒண்ணும் தெரிய வேணாம், எம்மவன்கிட்ட சொல்லுங்க" என்ற தாய்மார் உண்டு. அதுவும் அவர்களுடைய உரிமைதான். அவர்களிடம் கேட்டுவிட்டு முடிவு செய்கிறோமா, அவர்களை விட்டுவிட்டு முடிவு செய்கிறோமா என்பதே என் கேள்வி.

லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் முதலில் செவிலியர், பிறகு சமூகப் பணியாளர், அதன்பின் மருத்துவரானவர். நோயாளியின் வலி உடல், மனம், குடும்பம், ஆவி ஆகிய நான்கிலும் சேர்ந்தது என்று அவர் போதித்தார். நம் பெரியவருக்கு ஊசி மருந்து வலியைக் குறைத்தது உண்மை. ஆனால் இராத்திரியில் அவர் தூங்க ஆரம்பித்தது சங்கிலி விஷயத்தைச் சொன்ன பிறகுதான் என்று செவிலியர் சொன்னார்.

உங்களில் பலர் குணமாக்கும் ஊழிய ஞாயிறன்று கூட்டமாக வார்டுகளுக்கு வருகிறீர்கள். ரொட்டியும் ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் கொண்டுவருகிறீர்கள். தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் பத்துப்பேர் கட்டிலைச் சுற்றி நின்றால், படுத்திருப்பவர் எல்லாரையும் அண்ணாந்து பார்க்கவேண்டும். இரண்டுபேராக வாருங்கள். ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் கண்மட்டத்துக்கு உட்காருங்கள். கைபேசியை அணைத்துவிடுங்கள். இதே வியாதியில் இறந்துபோன உங்கள் பெரியப்பாவைப் பற்றிப் பேசவேண்டாம். ஜெபிக்கலாமா என்று கேட்டு ஜெபியுங்கள். வேண்டாம் என்றால் கோபப்படாதிருங்கள். விசுவாசம் குறைவுபட்டதால்தான் சுகம் வரவில்லை என்று தயவுசெய்து யாரும் சொல்லவேண்டாம். அந்த ஒரு வாக்கியத்தினால் காயப்பட்டவர்களோடு நான் பல இரவுகள் உட்கார்ந்திருக்கிறேன். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் மௌனமாய் உட்கார்ந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாயைத் திறந்தபின்தான் தொல்லை.

கடைசியாக ஒரு விண்ணப்பம். கெட்ட செய்தியைச் சொல்ல நம்மிடம் தனியிடம் இல்லை. இன்றும் வராந்தாவில், டிராலி போகிற வழியில், மருந்துச்சீட்டு வாங்க நிற்கிறவர்கள் காதில் விழும்படி சொல்லுகிறோம். அந்த விவசாயிக்காகச் செவிலியர் தங்கள் உடை மாற்றும் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். கதிர்வீச்சுப் பிரிவை ஒட்டிப் பழைய சாமான்கள் போட்டிருக்கும் ஓர் அறை உண்டு. அதற்கு ஒரு நல்ல கதவு, ஒரு மின்விசிறி, நான்கு நாற்காலி, ஒரு தண்ணீர்ப் பானை வேண்டும். வெளியே பெயர்க்கல் வைக்க இடமில்லை என்பதை முன்னமே சொல்லிவிடுகிறேன். செலவுக் கணக்கை டாக்டர் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். தேநீருக்குப் பிறகு அறையைப் பார்க்க விரும்புகிறவர்கள் என்னோடு வரலாம். வார்டுக்கு வர விரும்புகிறவர்கள் இரண்டிரண்டு பேராக மேட்ரன் அம்மாவிடம் பெயர் கொடுங்கள்.