வாயிலும் வேலியும்

 

வெள்ளிவிழாக் காணும் இக்கல்விச் சங்கத்தின் மேடையில், கடல் கடந்த நாடொன்றில் கல்லூரிக் கதவைத் திறந்து வைத்த ஒரு பெண்மணியைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

அமெரிக்காவின் தென்மேற்கில் மெக்சிகோ வழிவந்தோர் பெருந்தொகையினராய் வாழ்கின்றனர். 1848-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் எல்லைக்கோடு இடம்பெயர, அவர்தம் முன்னோருட் பலர் சொந்த மண்ணிலேயே அயலாராயினர். டெக்சஸ் பள்ளிகளில் தாய்மொழியாகிய ஸ்பானியத்தைப் பேசிய குழந்தைகள் தண்டிக்கப்பட்டனர். 1968-இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்பறையை விட்டு வெளியேறி நல்ல கல்வி கேட்டனர். ‘சிகானோ’, பெண்ணாயின் ‘சிகானா’ என்னும் பெயரை உரிமைக்குரலாக்கிய தலைமுறை அது.

அத்தலைமுறையினர் ஜூலியட் கார்சியா. 1949-இல் எல்லையோர நகரமாகிய பிரவுன்ஸ்வில்லில் பிறந்தவர். 1976-இல் முனைவர் பட்டம் பெற்றவர். 1986-இல் அவ்வூர்க் கல்லூரியின் தலைவரானார். அமெரிக்கக் கல்லூரியொன்றின் தலைமையேற்ற முதல் மெக்சிகோ வழிப் பெண் அவரே.

அவர் செய்தது யாது? எளியோர் பயிலும் ஈராண்டுக் கல்லூரியையும் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தையும் ஒரே வளாகத்தில் இணைத்தார். உள்ளூர் ஏழை மாணவன் ஒரு வாயிலில் நுழைந்து பட்டத்தோடு வெளிவர வழி பிறந்தது. 1992 முதல் 2014 வரை அப்பல்கலைக்கழகத்தை நடத்தினார். வளாகத்தின் ஊடே எல்லைவேலி அமைக்க அரசு முற்பட்டபோது இசைய மறுத்தார், வழக்கையும் எதிர்கொண்டார். 2008-இல் பல்கலைக்கழகம் தன் பழைய வேலியை உயர்த்திக் கொள்வதென்னும் உடன்பாட்டோடு அது முடிந்தது. 2022-இல் குடியரசுத் தலைவரின் விடுதலைப் பதக்கம் அவரைச் சேர்ந்தது.

எனினும் இளைஞர்களே, இன்னொன்றையும் எண்ணுங்கள். 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருதும் முறை செல்லாதெனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே டெக்சஸ் சட்டமன்றம், அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்மைக்கும் சமவாய்ப்புக்கும் இயங்கிய அலுவலகங்களை மூடச் சட்டம் இயற்றியது. போராடித் திறந்த கதவும் மீண்டும் சாத்தப்படலாம்.

ஆதலின், உள்ளே ஓர் இடம் பெறுவது பாதிப் பணியே. நுழைந்தவர், பின்வருவோர்க்காக வாயிலில் நிற்பதே மீதிப் பணி. கார்சியா அம்மையார் பட்டம் பெற்றுப் பெருநகரில் தங்கிவிடவில்லை. பிறந்த ஊருக்கே திரும்பினார். இச்சங்கத்தின் உதவியால் பயின்ற நீங்களும் திரும்பி வாருங்கள். அடுத்த குழந்தையின் கைபற்றி அழைத்துச் செல்லுங்கள்.