வேண்டேன் என்னும் சொல்



காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் அளவை நேர்மையைப் பட்டினப்பாலை போற்றுகிறது. கள்ளக்குறிச்சிச் சந்தையில் எடை குறைந்தால் இன்றும் தட்டிக் கேட்கலாம். அடுத்த கடைக்குப் போகலாம். திறன்பேசித் திரையில் நடக்கும் வணிகத்திலோ பொய்ப்பது தராசு அன்று, சொல். ஆகவே இது புலவர் அவைக்குரிய பொருளே.

பயனரை ஏய்க்கும் திரை அமைப்புகளுக்கு 2010இல் ஹாரி பிரிக்னல் என்பார் 'டார்க் பேட்டர்ன்' எனப் பெயரிட்டார். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் அவற்றுள் 13 வகைகளைச் சுட்டின. கேளாத பொருளைக் கூடையில் நழுவவிடுதல், இல்லாத அவசரத்தைக் காட்டுதல், சேர்வதை எளிதாக்கி விலகுவதை அரிதாக்கும் சந்தாப்பொறி ஆகியன அவற்றுட் சில. 2025 ஜூனில் அதே ஆணையம், மின்வணிக நிறுவனங்கள் தம்மைத் தாமே தணிக்கை செய்துகொள்ளுமாறு அறிவுறுத்தியது. தராசை வணிகரிடமே தந்து சோதிக்கச் சொன்னது போலத்தான்!

அப்பதின்மூன்றில் மூன்று, இலக்கணம் கற்றோர் ஊன்றி நோக்கத்தக்கவை. ஒன்று, மறுப்பவரை நாணவைத்தல். மறுக்கும் பொத்தானில் 'எனக்குச் சேமிப்பில் அக்கறை இல்லை' என்பது போன்ற தொடர் இருக்கும். எழுதியது நிறுவனம், தொடரோ தன்மை ஒருமை. வாங்க வந்தவர் சொல்லாத இழிசொல் அவர் வாயிலேயே திணிக்கப்படுகிறது. மற்றொன்று, குழப்பும் வினா. 'செய்திகள் வருவதை நிறுத்த விரும்பவில்லையா?' என்று கேட்டால், 'ஆம்' என்பதன் பொருள் நிறுத்துக என்பதா, நிறுத்தற்க என்பதா? நன்னூல் கற்றவரும் திணறுவர். மூன்றாவது, நச்சரிப்பு. திரை தரும் மறுமொழி 'இப்போது வேண்டாம்' என்பது மட்டுமே. தமிழில் 'வேண்டேன்' என்றொரு வினைமுற்று உண்டு. காலம் காட்டும் இடைநிலை அதில் இல்லை. முக்காலத்துக்கும் பொதுவான மறுப்பு அது. அந்தச் சொல்லைச் சொல்லத்தான் திரையில் இடமில்லை.

முதலில் பயனரிடம் இனிமையாக நடந்து, பின் விளம்பரதாரர் பக்கம் சாய்ந்து, முடிவில் இருவரையும் பிழிந்து தாமே கொழுக்கும் தளங்களின் சீரழிவுக்குக் கோரி டாக்டரோ 2022இல் ஓர் ஆங்கிலச் சொல் படைத்தார். இடக்கரடக்கல் கருதி அச்சொல் இங்கே விடப்படுகிறது.

கச்சிராயபாளையம் கடந்து வெள்ளிமலைக்கு ஏறினால், கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் கையிலும் இதே திரைதான். பொருளைக் காட்டும் வரை தமிழில் பேசும் செயலிகள் சில, நிபந்தனைப் பக்கத்தில் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகின்றன. கடுக்காய் வாங்கும் வியாபாரியிடம் விலைபேசி வெல்லத் தெரிந்தவரும் அங்கே வாயடைத்துப் போகிறார். பேரம் பேச எதிரில் ஆள் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ஆனால் அழைப்பவர் என்னவென்று சொல்வார்? 'பணம் போய்விட்டது' என்பார். எப்படிப் போயிற்று என்பதற்கு அவரிடம் பெயர் இல்லை. பெயரில்லாத குற்றத்தை மனுவில் எழுதுவது அரிது.

அப்பெயர்களை ஆக்குவது இவ்வட்டத்தின் அடுத்த ஆண்டுப் பணியாகலாம். 'நாணவைத்தல்', 'சந்தாப்பொறி' ஆகியன முதற்கண் முன்வைக்கப்படுகின்றன. கூடையில் நழுவவிடுதலுக்கு 'நழுவுகூடை' பொருந்துமா, சந்தை வழக்கிலேயே அதனினும் கூரிய சொல் கிடைக்குமா என்பதை, வாரந்தோறும் பையெடுத்துச் சந்தைக்குச் செல்லும் உறுப்பினர்கள் கேட்டு வந்து சொல்ல வேண்டும்.