ஓய்ந்து நிற்கும் ஊர்தியின் மின்கலம்



ஸ்ரீபெரும்புதூர் என்றால் இராமாநுசர் பிறந்த ஊர் என்பதை யாவரும் அறிவர். அதன் அருகிலுள்ள ஒரகடம் இன்று ஊர்திகள் பிறக்கும் ஊர். 2012ஆம் ஆண்டில் அங்கே பாரத்பென்ஸ் ஆலை தொடங்கப்பெற்றது. 2021இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவை அறிவித்தபோது, பாரத்பென்ஸ் பேருந்தின் அடிச்சட்டத்தின்மேல் கட்டிய கேரவன் ஒன்று மக்கள்முன் வந்தது. படுக்கையும் சமையலறையும் குளிர்பெட்டியும் உடைய ஓடும் வீடு அது.

இத்தகைய வீடுகளில் விளக்கெரிக்க இப்போது லித்தியம் மின்கலங்களை வைக்கின்றனர். சுற்றுலாப் பருவம் கழிந்ததும் வண்டி மாதக்கணக்கில் நின்றுவிடும். நிற்கின்ற வண்டியில் மின்கலத்துக்கு என்ன கேடு வரும் என்று நீங்கள் கேட்கலாம். கேடு பெரும்பாலும் நம் பழைய பழக்கத்தினால்தான் வருகிறது.

ஈய மின்கலத்தோடு நாம் நெடுங்காலம் பழகியவர்கள். அதை முழுதும் மின்னேற்றியே வைக்கவேண்டும். குறைய விட்டால் தகடுகளில் ஈய சல்பேட்டுப் படிகங்கள் இறுகி, அதன் திறன் கெடும். லித்தியத்தின் இயல்பு வேறு. நிரம்பிய நிலையில், அதுவும் வெப்பத்தில், நெடுநாள் இருந்தால் அதன் உள்ளே வேண்டாத வேதிவினைகள் விரைந்து நடந்து அது மூப்படையும். ஆகவே ஏறக்குறையப் பாதியளவு மின்னேற்றத்தோடு வைப்பதே நன்று. தந்தைக்குப் பத்தியமானது மகனுக்கும் பத்தியமாகவேண்டும் என்பதில்லை அல்லவா?

கேரவன்களில் பெரிதும் பயன்படுவது லித்தியம் இரும்பு பாஸ்பேட்டு வகை. 1997இல் குட்இனஃபும் பாதி என்ற இந்தியரும் பிறரும் இதை வெளியிட்டனர். இதற்கு முன்னோடியாக 1980களிலேயே இரும்புச் சேர்மங்களைக் குட்இனஃபுடன் ஆராய்ந்தவர் தமிழ்நாட்டுச் சிற்றூரில் பிறந்த ஆறுமுகம் மந்திரம். 2019இல் குட்இனஃபின் நோபல் சொற்பொழிவை ஸ்டாக்ஹோமில் நிகழ்த்தியவரும் அவரே.

இவ்வகையில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு கலத்தின் அழுத்தம் ஏறக்குறைய 3.2 வோல்ட், நான்கு கலம் சேர்ந்தால் 12.8. பெரும்பகுதி மின்சாரம் செலவாகும்வரை இந்த அழுத்தம் சிறிதே இறங்கும். பிறகு திடீரெனச் சரியும். ஆதலால் வோல்ட்மானியை மட்டும் நம்பி இருப்பைக் கணிப்பது, மூடிய குதிரைத் தட்டிப் பார்த்து நெல்லை அளப்பதுபோலாகும். உள்ளே போவதையும் வருவதையும் எண்ணும் கருவி தேவை.

அடுத்தது கசிவு. மின்கலம் தானாக இழப்பது சிறிது. ஆனால் எரிவாயு எச்சரிக்கைக் கருவியும், கலத்தைக் காக்கும் மின்னணுச் சுற்றும் இரவும் பகலும் துளித்துளியாக உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். முற்றும் வற்றிய கலத்தில் செம்புத்தகடு கரையத் தொடங்கும்; பின்னர் அதனை மின்னேற்றுவது ஆபத்து. எனவே வண்டியை நிறுத்தும்போது இணைப்பைத் துண்டித்து, இரண்டு மூன்று திங்களுக்கு ஒருமுறை சோதிக்கவேண்டும்.

சித்திரை வெயிலில் அடைத்த வண்டியின் உட்புறம் வெளியைவிட மிகுதியாகக் காயும். கூரையுள்ள நிழலும் காற்றோட்டமும் வேண்டும். இயலாதெனில் கலத்தைக் கழற்றி, உலர்ந்த குளிர்ந்த அறையில் வைக்கலாம். குளிர்நாட்டார் உறைநிலைக்குக் கீழே மின்னேற்றக்கூடாது என்று அஞ்சுவர். லடாக்குக்குப் போகாதவரை நமக்கு அந்தக் கவலை பெரிதன்று.

மீண்டும் புறப்படும் நாளில், ஈயக் கலத்துக்குரிய பழைய மின்னேற்றியை இதில் மாட்டாதீர்கள். உறை உப்பியிருந்தால் எந்த மின்னேற்றியையும் மாட்டவேண்டாம்; பழுதறிந்தவரிடம் காட்டுங்கள்.