கேப்சூல் காபியில் நுரை ஏன் நிற்பதில்லை

பொத்தானை அழுத்தினால் ஒரே ஒரு கோப்பை காபியை இறக்கித் தரும் கேப்சூல் மெஷின்கள் இன்று பல வீடுகளின் சமையல் மேடைக்கு வந்துவிட்டன. அப்படி ஒன்று வீட்டில் இருக்கும்போது, பாலின் மேல் கெட்டியாக மிதக்கிற அந்த அடித்த காபியையும் அதிலேயே செய்துவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. மெஷினில் இறங்கிய காபியில் சர்க்கரையைக் கொட்டி அடிக்கிறார்கள். மேலே கொஞ்சம் குமிழி எழும்புகிறது, நிறுத்தியதும் அடங்கிவிடுகிறது. இன்னும் வேகமாக அடித்தால் சரியாகுமோ, விலை உயர்ந்த மெஷினாக இருந்தால் வருமோ என்று யோசிக்கிறார்கள். இரண்டாலும் வராது. அடித்த காபியின் நுரையைத் தாங்கி நிறுத்துவது, அந்தக் காபியில் கரைந்திருக்கும் பொருள். எவ்வளவு கரைந்திருக்கிறது, என்ன வகைப் பொருள் கரைந்திருக்கிறது என்பவைதான் முடிவு செய்கின்றன. மெஷின் காபியில் இவை நுரைக்குப் போதாது. ஆகவே மேலே நிற்கும் நுரையை இன்ஸ்டன்ட் காபித்தூளிடம் விட்டுவிட்டு, கீழே இருக்கும் காபியை மெஷினிடம் ஒப்படைப்பதே சரியான வழி என்பது என் வாதம். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

இந்தப் பானம் உலகெங்கும் பரவிய கதையே முதல் சாட்சி. 2020 ஜனவரியில் தென்கொரியாவின் கேபிஎஸ் தொலைக்காட்சியில் ஜங் இல்-வூ என்ற நடிகர், மக்காவ் நகரில் ஒரு சிறிய காபிக் கடையில் கையாலேயே அடித்துத் தரப்பட்ட காபியைக் குடித்தார். கொரியாவில் சர்க்கரைப் பாகில் சோடா உப்பைக் கலந்து பொங்க வைத்துச் செய்யும் டல்கோனா மிட்டாயின் ருசி அதில் இருப்பதாகச் சொன்னார். அந்தப் பெயரே காபிக்கும் நிலைத்தது. அடுத்த ஓரிரு மாதங்களில் ஊரடங்கு வந்தது, வீட்டுக்குள் அடைபட்ட உலகம் முழுக்க டல்கோனா காபியை அடிக்கத் தொடங்கியது. ஆனால் 1957-லேயே கிரேக்கத்தின் தெசலோனிகி வர்த்தகக் கண்காட்சியில் நெஸ்லே ஊழியரான டிமிட்ரிஸ் வாக்கோண்டியோஸ், வெந்நீர் கிடைக்காததால் காபித்தூளையும் குளிர்ந்த நீரையும் ஒரு குலுக்குக் குவளையில் போட்டுக் குலுக்கினார். கிரேக்கர்கள் இன்றும் கோடையில் குடிக்கும் ஃப்ராப்பே அப்படிப் பிறந்தது. நம் நாட்டிலும் வட இந்திய வீடுகளில் காபித்தூள், சர்க்கரை, சில துளி நீர் மூன்றையும் கரண்டியால் வெளுக்கும்வரை அடித்து, அதன் மேல் சூடான பாலை ஊற்றும் வழக்கம் உண்டு. மக்காவ், தெசலோனிகி, டெல்லி என்று இடம் மாறினாலும் மூன்றிலும் பயன்படுவது இன்ஸ்டன்ட் தூள். இவற்றில் எதிலும் இறக்கிய காபியை அடிப்பதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். எஸ்பிரெசோ வகைச் சிறு கேப்சூல் ஒன்றில் 5 அல்லது 6 கிராம் அரைத்த காபி இருக்கும். வெந்நீர் அதன் வழியாகப் பாயும்போது அதில் ஐந்தில் ஒரு பங்கோ, மிஞ்சினால் நாலில் ஒரு பங்கோதான் கரைந்து கோப்பைக்கு வரும். மிச்சம் சக்கையாக உள்ளேயே தங்கிவிடும். ஆக ஒரு கேப்சூல் தருவது 1 கிராமுக்குச் சற்று அதிகமான காபிச் சாரம். மிகக் குறைந்த அளவான ரிஸ்ட்ரெட்டோவாக, 25 மில்லியாக இறக்கினாலும் அதில் கரைந்திருப்பது 5 சதவீதத்தை ஒட்டித்தான் வரும். இன்ஸ்டன்ட் தூளோ முழுக்க முழுக்கச் சாரம்; சக்கை என்பதே அதில் இல்லை. வழக்கமான செய்முறைப்படி 2 மேசைக்கரண்டி தூள் என்றால் ஏறத்தாழ 8 கிராம். அதை 30 மில்லி நீரில் கரைத்தால், சர்க்கரையைச் சேர்க்காமலே, 20 சதவீதம் காபிச் சாரம். மெஷின் தருவதைப் போல நாலு மடங்கு கெட்டி! அதே அளவு சாரத்தை மெஷினிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் ஆறேழு கேப்சூல்களைச் செலவிட வேண்டும். அப்போதும் கையில் இருப்பது முக்கால் டம்ளர் நீர்த்த காபிதான். பெரிய கோப்பைக்கான, உள்ளே காகித வடிகட்டி வைத்த கேப்சூல் என்றால் நிலைமை இன்னும் மோசம். அது 180 மில்லியிலிருந்து 300 மில்லி வரை நீரை இறக்குகிறது. அதை அடிப்பதும் தண்ணீரை அடிப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அளவு மட்டும் இல்லை, வகையும் வேறு. தொழிற்சாலையில் இன்ஸ்டன்ட் காபிக்குச் சாரம் எடுக்கும்போது அழுத்தத்தில், கொதிநிலைக்கு மிக மேலான வெப்பத்தில் நீரைச் செலுத்துகிறார்கள். நம் வீட்டு முறைகளில் கரையாமல் சக்கையிலேயே தங்கிவிடும் நீண்ட சங்கிலி மாவுப்பொருள்களும் அந்த வெப்பத்தில் உடைந்து கரைந்து வந்துவிடுகின்றன. வறுக்கும்போது உண்டான பழுப்புப் பொருள்களும் புரத மிச்சங்களும் குமிழியின் மேல் சவ்வாகப் படிய, இந்த மாவுப்பொருள்கள் அந்தச் சவ்வுக்குத் தடிமனும் உறுதியும் தருகின்றன. இன்னொன்று எண்ணெய். நுரைக்கு எண்ணெய் ஜென்மப் பகை; முட்டையின் வெள்ளையை அடிக்கிற பாத்திரத்தில் துளி எண்ணெய் இருந்தாலும் நுரை எழும்பாது என்பது கேக் செய்கிற எல்லோருக்கும் தெரியும். இன்ஸ்டன்ட் தூளில் காபி எண்ணெய் அநேகமாக இல்லை. எஸ்பிரெசோ மெஷினோ தன் அழுத்தத்தால் எண்ணெயை நுண்துளிகளாக்கிக் கோப்பைக்குள்ளேயே தள்ளிவிடுகிறது. காபியின் மணமும் நாக்கில் படிகிற வழுவழுப்பும் அந்த எண்ணெயால்தான் வருகின்றன. ஆக, மெஷின் காபியை ருசியாக்கும் பொருளே அதன் நுரையை உடைக்கிறது.

"என் மெஷின் நுரையோடுதானே காபியைத் தருகிறது?" என்று நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. கேப்சூலையே நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழற்றிக் காபி இறக்கும் மெஷின்களில் அந்தப் பொன்னிற நுரை விரல் கனத்துக்குக் கூட நிற்கும். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். கிரேமா என்று சொல்லப்படும் அந்த நுரையில் இருப்பது பெரும்பாலும் கரியமில வாயு. வறுபடும்போது காபிக் கொட்டைக்குள் உண்டாகி அடைபட்டுக் கிடந்த வாயு, வெந்நீர் பட்டதும் வெளியே பாய்ந்து குமிழியாகிறது. நாம் கையால் அடிக்கும் நுரையில் இருப்பதோ சமையலறைக் காற்று. அதில் பெரும்பகுதி நைட்ரஜன். கரியமில வாயு நீரில் நன்றாகக் கரையும். நைட்ரஜன் மிக மிகக் குறைவாகவே கரையும். சின்னக் குமிழிக்குள் அழுத்தம் அதிகம், பெரிய குமிழிக்குள் குறைவு. அதனால் கரையக்கூடிய வாயு, சின்னக் குமிழியிலிருந்து நடுவே உள்ள மெல்லிய நீர்ச்சவ்வைக் கடந்து பக்கத்துப் பெரிய குமிழிக்குள் போய்விடுகிறது. சின்னது மறைய, பெரியது ஊதி, கடைசியில் வெடிக்கிறது. எஸ்பிரெசோவின் நுரை சில நிமிடங்களுக்குள் கண்ணெதிரே ஓட்டை விழுந்து விலகுவது இதனால்தான். காற்றால் ஆன நுரையில் இந்தக் கசிவு மிக மெதுவாக நடக்கிறது. அதோடு சர்க்கரைப் பாகின் பிசுபிசுப்பு நீரைக் கீழே வடியவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

இன்ஸ்டன்ட் தூளும் சர்க்கரையும் அடிபடும்போது அந்தக் கிண்ணத்தைக் கூர்ந்து பாருங்கள். தொடக்கத்தில் கறுப்புத் தார் போன்ற பாகு. சிறிது நேரத்தில் ஓரங்களில் சோப்பு நுரை மாதிரிப் பெரிய குமிழிகள் எழும். தொடர்ந்து அடிக்க அடிக்க அவை உடைந்து உடைந்து கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சிறுத்துவிடும். அப்போதுதான் நிறம் மாறத் தொடங்குகிறது. கறுப்பு செம்பழுப்பாகி, செம்பழுப்பு வெளிறி, சந்தனத்தை நெருங்குகிறது. புதிதாக எந்த நிறமும் சேரவில்லை. லட்சக்கணக்கான குமிழிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வெளுப்பாகத் தெரிகிறது. பீட்டரின் கம்பிகள் போன தடம் மறையாமல் வரிவரியாக நின்றால் நுரை தயார். கொரியர்கள் இதை 400 முறை கிளறும் காபி என்றே சொல்வார்கள். மின்சார பீட்டர் இருந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

மெஷின் காபியிலேயே செய்து தீர வேண்டும் என்று நினைப்பவர்கள் சில வழிகளைச் சொல்வார்கள். அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சலாமே என்பது ஒன்று. கெட்டியாகும், உண்மைதான். ஆனால் எந்த மணத்துக்காகக் கேப்சூலுக்கு அத்தனை விலை கொடுத்தோமோ அது முதலில் ஆவியாகிப் போகும், கசப்பு ஏறும், எண்ணெய் மட்டும் அப்படியே இருக்கும். பனிக்கட்டி போட்டுக் குலுக்கினால் என்ன என்பது இன்னொன்று. இத்தாலியர்கள் எஸ்பிரெசோவைச் சர்க்கரை, பனிக்கட்டியோடு குலுக்கி ஷேக்கராட்டோ என்று குடிக்கிறார்கள். அருமையான பானம், மேலே மெல்லிய நுரையும் நிற்கும். ஆனால் அது ஊற்றக்கூடிய நுரை. கரண்டியால் அள்ளி வைக்கக்கூடியது இல்லை. மூன்றாவதாக, வேறொரு நுரைப் பொருளைத் துணைக்குச் சேர்ப்பது. கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டியான நீர் முட்டை வெள்ளையைப் போலவே நுரைக்கும் என்பதை 2014-ல் ஜோயல் ரோசெல் என்ற பிரெஞ்சுக்காரர் எடுத்துச் சொன்னார். முட்டை வெள்ளையும் நுரைக்கும்; பச்சை முட்டையில் கிருமித் தொற்று அபாயம் உண்டு என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கொழுப்பு 35 சதவீதம் உள்ள விப்பிங் கிரீமை நன்றாகக் குளிரவைத்து, ஆறிய ரிஸ்ட்ரெட்டோவோடு அடித்தாலும் கெட்டியாக நிற்கும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 25 சதவீதக் கொழுப்புக் கிரீம் அப்படி நிற்காது என்பதைக் கவனத்தில் வையுங்கள். இவையெல்லாம் நல்ல பானங்கள். ஆனால் இவற்றில் நிற்பது கடலையின் நுரை, பாலின் நுரை. காபி அதற்கு வாசனை சேர்க்கிறது, அவ்வளவே.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். நுரைக்கு இன்ஸ்டன்ட் தூள்தான் என்றால், மெஷின் எதற்கு? வெறும் பாலின் மேல் நுரையை வைத்தால் போதாதா? டல்கோனா காபியைக் குடித்தவர்கள் பலரும் சொல்லும் குறை எது என்று யோசித்துப் பாருங்கள். மேலே கசப்பும் தித்திப்பும் தூக்கல், கீழே சப்பென்று பால், நடுவே காபியின் மணத்தைக் காணோம். சாரத்தை உலர்த்தித் தூளாக்கும்போதே மணத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. காற்றுப் புகாமல் அடைக்கப்பட்ட கேப்சூல், அரைத்த காபியின் மணத்தை அப்போதுதான் அவிழ்த்துவிடுகிறது. தூளில் கெட்டித்தன்மை இருக்கிறது, மணம் குறைவு. கேப்சூலில் மணம் இருக்கிறது, கெட்டித்தன்மை குறைவு. இரண்டையும் ஒரே டம்ளரில் மேலும் கீழுமாக வைத்தால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கிறது. காபியின் வீரியம் கூடிவிடாதா என்ற கவலைக்கும் பதில் உண்டு. தூளில் ஏறத்தாழ 3 சதவீதம் காஃபீன் என்று வைத்தால், வழக்கமான 2 மேசைக்கரண்டியில் 240 மில்லிகிராம் வரை வரும். அடியில் கேப்சூல் காபி இருப்பதால் அதில் பாதித் தூள் போதும். அதை இரண்டு டம்ளருக்குப் பிரித்தால் தலைக்கு 60, கேப்சூலில் இன்னொரு 60, ஆக 120 மில்லிகிராமை ஒட்டி நிற்கும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை பொதுவாகத் தீங்கில்லை என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் கணிப்பு. இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாலையில் குடிப்பவர்கள் காஃபீன் நீக்கிய கேப்சூலைப் போடலாம், மணத்துக்குக் குறைவிருக்காது.

நேரம் நெருங்கிவிட்டது, செய்முறையை வேகமாகச் சொல்கிறேன். இரண்டு பேருக்கு இன்ஸ்டன்ட் தூள், சர்க்கரை, வெந்நீர் மூன்றும் ஒவ்வொரு மேசைக்கரண்டி. எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத, குறுகலான, உயரமான பாத்திரத்தில் அடியுங்கள். அகலமான கிண்ணத்தில் இவ்வளவு சிறிய அளவு பீட்டருக்குச் சிக்காது. சர்க்கரையைக் குறைத்தாலும் நுரை வரும், கிரேக்கர்கள் சர்க்கரையே இல்லாமலும் ஃப்ராப்பே குடிக்கிறார்கள். ஆனால் இந்தக் கெட்டியும் பளபளப்பும் வராது. ஒவ்வொரு டம்ளரிலும் பனிக்கட்டி, அதன் மேல் 150 மில்லி குளிர்ந்த பால், அதன் மேல் மெஷினின் மிகச் சிறிய அளவில் இறக்கிய ஒரு கேப்சூல் காபி. காபியின் சூடு அடங்கிய பிறகே நுரையை வையுங்கள், இல்லாவிட்டால் அடியிலிருந்து கரைந்துவிடும். முதல் ஓரிரு வாய் நுரையைக் கலக்காமல் கரண்டியால் ருசித்துவிட்டு, பிறகு அடிவரை கலக்கிக் குடியுங்கள். மெஷின் வைத்திருக்கும் நேயர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்து பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன். நுரை மீந்தால் மூடிபோட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் அடியில் கொஞ்சம் நீர் விட்டிருக்கும், இன்னொரு முறை அடித்தால் எழும்பிவிடும்.