வேலியில் ஓடும் கரண்ட்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வனவிலங்கு பற்றிப் பேச வேண்டும் என்று சங்கச் செயலாளர் அண்ணன் சொன்னபோது, "அண்ணே, நான் எலெக்ட்ரிக்கல் படிச்சவன். எனக்கும் யானைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன். "உங்க ஊரைச் சுத்தி மலைதானே, பேசுப்பா" என்று சொல்லிவிட்டார். யோசித்துப் பார்த்தால் சம்பந்தம் இருக்கத்தான் செய்கிறது. கரண்டுதான் அந்தச் சம்பந்தம்.

என் ஊர் மார்க்கையன்கோட்டை. சின்னமனூருக்குப் பக்கம். முல்லைப் பெரியாறு பாயும் நெல் வயல் பூமி. எங்கள் வயலுக்கு யானை வருவதில்லை, பொய் சொல்லக் கூடாது. ஆனால் எங்கள் வயலுக்கு வரும் தண்ணீர் யானைக் காட்டிலிருந்து வருகிறது. 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையைச் சுற்றி இருப்பதுதான் பெரியாறு புலிகள் காப்பகம். அங்கிருந்து சுரங்கம் வழியாக இறங்கும் தண்ணீர் லோயர் கேம்ப்பில் டர்பைனைச் சுற்றிவிட்டுத்தான் எங்களுக்கு வருகிறது. காடு எங்களுக்குச் சோறும் போடுகிறது, விளக்கும் ஏற்றுகிறது.

அந்தக் காட்டுக்கு நாம் என்ன செய்தோம்? முதலில் துப்பாக்கி. நம் நாட்டு யானைகளில் ஆணுக்குத்தான் தந்தம் உண்டு. எழுபது, எண்பதுகளில் தந்தத்துக்காகச் சுட்டுச் சுட்டே, பெரியாற்றில் வளர்ந்த ஆண் யானை ஒன்றுக்கு நூறு பெண் யானைகள் என்கிற நிலைமை வந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் மந்தை மந்தையாக யானை இருக்கும். ஆனால் குட்டிகள் பிறப்பது குறைந்துபோனது.

அதில் திருப்பமும் அங்கேயே நடந்தது. வயணா என்னும் காட்டு இலவங்கப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுக்கொண்டிருந்த இருபத்துச் சொச்சம் பேரை, 1990-களின் பிற்பகுதியில் வனத்துறை கூப்பிட்டுப் பேசியது. காட்டின் ஒவ்வொரு தடமும் அவர்களுக்கு அத்துப்படி. அவர்களையே காவலுக்கும், சுற்றுலாப் பயணிகளுக்கு வழி காட்டவும் வைத்தார்கள். திருடின கை காவல் காத்தது. இந்த ஒரு யோசனைக்காகவே கேரள வனத்துறைக்கு நான் சலாம் போடுவேன்.

துப்பாக்கியை அடக்கினாலும் இடம் சுருங்குவதை அடக்க முடியவில்லை. போடி மெட்டு ஏறினால் சின்னக்கானல். நம்ம பக்கத்து ஜனங்கள் தினமும் விடியக்காலையில் ஜீப்பில் தொற்றிக்கொண்டு ஏலக்காட்டு வேலைக்குப் போகிற மலைகள் அவை. பக்கத்து அணைக்குப் பெயரே ஆனையிறங்கல். யானை இறங்கும் இடத்தில் ஏலத் தோட்டம், குடியிருப்பு, ரிசார்ட் எல்லாம் வந்தன. அரிசி தேடிக் கடைகளை உடைத்த ஒரு யானைக்கு அரிக்கொம்பன் என்று பெயர் வந்தது. 2023 ஏப்ரல் 29-ல் அதைப் பிடித்துப் பெரியாற்றில் விட்டார்கள். மே 27-ந் தேதி அது கம்பம் டவுன் தெருவில் ஓடியது. அன்று காயம்பட்ட ஒருவர் பிறகு இறந்தும் போனார். ஜூன் 5-ல் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். யானை செய்த தப்பு என்ன, சொல்லுங்கள்?

காட்டு ஓரத்தில் இப்படி விலங்கு நிற்கும்போதுதான் கம்பி வருகிறது. அதே 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்தில், தோட்டத்து வேலியில் திருட்டுத்தனமாகக் கொடுத்த மின்சாரத்தில் மூன்று பெண் யானைகள் செத்து விழுந்தன. இரண்டு குட்டிகள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தன. பன்றிக்கு வைத்த கம்பிதான். கம்பிக்குப் பன்றி எது, யானை எது, ராத்திரி தண்ணி பாய்ச்சப் போகிற மனுஷன் எது என்று தெரியாது. கறிக்காகவே இப்படிக் கம்பி இழுப்பவர்களும் உண்டு. துப்பாக்கியாவது சத்தம் போடும்.

இங்கேதான் நம்ம படிப்பு வருகிறது. முறையான சோலார் வேலியில் பல ஆயிரம் வோல்ட் இருக்கும். ஆனால் அது துடிப்பு. ஏறக்குறைய வினாடிக்கு ஒரு தடவை, கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவாக வந்து போகும். தொட்டால் சுளீர் என்று அடிக்கும், அடுத்த துடிப்புக்குள் விலகிவிடலாம். வீட்டு லைனில் 230 வோல்ட்தான், ஆனால் விடாது. சதை இறுகிக்கொள்ளும், இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோகும். வோல்ட் அதிகம் என்றால் ஆபத்து அதிகம் என்று நினைக்கிற விவசாயியிடம் இதை யார் எடுத்துச் சொல்வது?

என் சித்தப்பாவுக்கு மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு. "சோலார் வேலி சும்மா கூசுதுடா, பன்னி மதிக்க மாட்டேங்குது. லைன்லயே கொடுத்துரலாம்னு இருக்கேன்" என்றார். மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். வேலி நல்ல வேலிதான். கோடையில் காய்ந்த மண்ணில் ஒரே ஒரு எர்த் ராடு, அதுவும் முழங்கால் ஆழம். கம்பி நெடுக புல் ஏறிக் கிடந்தது. மாட்டியவர் பில்லை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆறடி ராடு மூன்று, பத்தடிக்கு ஒன்றாக அடித்து, புல்லை அறுத்துவிட்டோம். அடுத்த வாரம் போனில், "டேய், இப்ப நாயே கிட்டப் போக மாட்டேங்குது" என்றார். லைன் பேச்சு அதோடு நின்றது.

மின்வேலிகளைப் பதிவு செய்யவும் முறைப்படுத்தவும் 2023-ல் தமிழக அரசு விதி கொண்டுவந்துவிட்டது. நல்லது. ஆனால் காட்டோரத் தோப்புகளில் எர்த்தைச் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமே! பன்றி ஒரே ராத்திரியில் சோளத்தை அழித்துவிட்டால் நஷ்ட ஈட்டுக்கு அலைகிற விவசாயியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்குச் சம்மதமில்லை.

கடைசி வருடத் தம்பி தங்கைகளே, புராஜெக்ட்டுக்குத் தலைப்பு கிடைக்கவில்லை என்று காலையில் இரண்டு பேர் சொன்னீர்கள். வேலியின் வோல்ட் குறைந்தால் விவசாயியின் செல்போனுக்குச் செய்தி அனுப்பும் ஒரு சிறிய கருவி செய்யுங்கள். விலை அவர்களுக்குக் கட்டுபடியாக வேண்டும், அது முக்கியம். சோதிக்கச் சித்தப்பா தோப்பு இருக்கிறது. பஸ் செலவு என்னுடையது, சாப்பாடு சித்தி பார்த்துக்கொள்வார். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, பின்வரிசை எழுந்துவிட்டது.