ஏரிக்கரை நிலமும் நம் எழுத்தும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கத்தின் துணையால் பட்டம் பெற்றவர்களை இன்று பாராட்டினோம். மகிழ்ச்சி. ஆயினும் ஒரு வினாவைக் கேட்காமல் அமர இயலவில்லை. கற்ற நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் தம் பாட்டனாரின் நிலப் பத்திரத்தைப் படித்திருக்கின்றனர்?

பழவேற்காடு என்றதும் பலருக்கும் மீனே நினைவுக்கு வரும். ஏரியில் 'பாடு' என்னும் முறைமை உண்டு. யார், எந்நாளில், எவ்விடத்தில் வலையிடலாம் என்பதை அது வகுக்கும். வழிவழியாகப் பட்டினவர்க்கே உரியதாய் இருந்த அம்முறையில் நமக்கு நெடுங்காலம் இடமில்லை. நம்மவரும் இருளர் மக்களும் சேற்றைத் தடவிக் கையால் இறால் பிடித்தனர். மற்றையோர் பொன்னேரிப் பக்கத்து வயல்களில் பிறர் நிலத்தில் நாற்று நட்டனர். நீரிலும் முறையில்லை, நிலத்திலும் உரிமையில்லை.

இந்நிலையை 1891-ல் அரசுக்கு அறிக்கையாக எழுதியவர் செங்கற்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர். பொன்னேரி வட்டம் அந்நாளில் அம்மாவட்டத்தைச் சேர்ந்தது. அதன் பயனாக 1892-ல் சென்னை அரசு தாழ்த்தப்பட்டோர்க்கு நிலம் ஒப்படைக்க ஆணையிட்டது. அதுவே பஞ்சமி நிலம். மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகக் கூறப்படும் கணக்கு. பத்தாண்டுகள் வரை விற்கலாகாது. அதன் பின்னரும் தாழ்த்தப்பட்டோர் அல்லாதார்க்கு விற்றால் செல்லாது என்பது நிபந்தனை. அவ்வாறிருந்தும் பெரும்பகுதி கைமாறியது. கடனும் கைநாட்டும் செய்த வேலை அது. அதை மீட்கச் செங்கற்பட்டில் 1994 அக்டோபர் 10 அன்று நடந்த போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தனர்.

நாம் பணியாற்றும் பள்ளிக்கு ஒரு நாள் முதியவர் ஒருவர் வந்தார். தகரப் பெட்டியில் கிடந்த தாள் ஒன்றை நீட்டி, "இதுல என்னா எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க ஐயா" என்றார். அவர் பாட்டனார்க்கு அரசு வழங்கிய ஒப்படைப் பத்திரம் அது. அதே நிலத்தில்தான் அவர் கூலிக்கு உழுதுகொண்டிருந்தார். படித்துக் காட்டியதும் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அது எங்களுதா ஐயா?" என்று மட்டும் கேட்டார்.

நாமும் பல்லாண்டுகளாக அந்நிலத்தைக் கடந்தே பள்ளிக்குச் சென்றோம். அது யாருடையது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்று நாணினோம். நிலம் இன்னும் மீளவில்லை, மனு நடக்கிறது. ஆனால் அம்மனுவை எழுதியவர் அவருடைய பேத்தி, நம் மாணவி.

இளைஞர்களே! வேலைக்காகக் கற்பது தவறன்று. அதனோடு நின்றுவிடுவதே தவறு. வட்டாட்சியர் அலுவலகம் சென்று உங்கள் ஊரின் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். சிட்டாவையும் அடங்கலையும் படிக்கப் பழகுங்கள். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழந்தாள்களுக்கு நகல் எடுத்துச் சங்கத்தில் வையுங்கள். படிக்க இயலாத பெரியவர்க்குப் படித்துக் காட்டுங்கள். கைநாட்டால் போனதைக் கையெழுத்தால் மீட்போம்.

சங்கம் வளர்க!